மூன்று குழு, ஒரே ஏரி: எந்த எண்ணிக்கையை எழுதுவது?

கேள்வி: பக்கத்தில் இருக்கும் இயற்கைச் சரணாலயத்தில் மாதம் ஒருமுறை பொதுமக்கள் சேர்ந்து பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறோம். போன முறை ஏரியில் இருந்த வாத்துக் கூட்டத்தை ஒரு குழு 120 என்றது, இன்னொரு குழு 200 என்றது, மூன்றாவது குழு ‘நிறைய’ என்று எழுதிவிட்டது. மூன்றையும் கூட்டுவதா, சராசரி எடுப்பதா? வழியில் முயல், ஆமை, பாம்பு எல்லாம் கண்ணில் படுகின்றன. அவற்றையும் அதே பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: கூட்டவே கூடாது. எல்லோரும் பார்த்தது ஒரே கூட்டம் என்றால், 120-ஐயும் 200-ஐயும் கூட்டும்போது ஏரியில் இல்லாத வாத்துகளைத் தாளில் உண்டாக்கிவிடுவீர்கள். சராசரி எடுத்து 160 என்று போடுவதும் எனக்குப் பிடிக்காது. அது யாருமே எண்ணாத எண். ஏரியின் பெரும்பகுதி யாருக்கு நன்றாகத் தெரிந்தது, யார் நின்று நிதானமாக எண்ணினார் என்று விசாரித்து, அவர் சொல்லும் எண்ணை மட்டும் எழுதுங்கள். ‘நிறைய’ என்று எழுதியவரைக் கோபிக்க வேண்டாம். பறவைப் பட்டியல்களைப் பதிவேற்றும் ஈபேர்ட் இணையதளத்தில்கூட எண் தெரியாதபோது ‘எக்ஸ்’ போட இடமுண்டு. ஆனால் எக்ஸ் என்பது பறவை இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். இரண்டா இரண்டாயிரமா என்று சொல்லாது. தோராயமாகப் போட்ட 150 அதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த முறை இந்தத் தகராறு வராமல் இருக்க, ஏரியை முன்கூட்டியே பங்கு போட்டுக்கொள்ளுங்கள். முழு ஏரியும் ஓரிடத்திலிருந்து தெரியும் என்றால் ஒரு குழு போதும், மற்றவர்கள் காட்டுப் பாதைக்குப் போகலாம். தெரியாது என்றால் பட்டமரம், பாறை, பார்வைக் கோபுரம் என எல்லோர் கண்ணுக்கும் தெரியும் அடையாளங்களை எல்லையாக வைத்து, மூன்று குழுவும் ஒரே நேரத்தில் எண்ணத் தொடங்குங்கள். நடுவில் ஒரு கூட்டம் எழுந்து பறந்தால் தாளின் ஓரத்தில் ‘7.20, ஊசிவால் வாத்து 40, வடக்கே போனது’ என்று குறிப்பு. பிறகு தாள்களை ஒப்பிடும்போது, 7.22-க்கு வடக்குக் குழு எழுதிய 40 எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

இனி எண்ணும் விதம். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதெல்லாம் முப்பது, நாற்பது வரைக்கும்தான் ஒத்துவரும். அதற்கு மேல் என்றால், கூட்டத்தில் பத்து வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அளவை அப்படியே பக்கத்தில் நகர்த்திக்கொண்டே போங்கள்: பத்து, இருபது, முப்பது. ஆயிரக்கணக்கில் இருந்தால் பத்துக்குப் பதில் நூறு. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கூட்டம் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் இருக்காது. ஓரத்தில் சிதறி மேய்கிற பத்தின் அளவை நடுவில் நெருக்கியடித்துத் தூங்குகிற வாத்துகள் மேல் வைத்தால், கணக்கு ரொம்பக் குறைந்துவிடும். அடர்த்தி மாறும் இடத்தில் மறுபடி ஒரு பத்தை எண்ணி, அளவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்த கரையில் நின்றால் முன்வரிசை பின்வரிசையை மறைக்கும். ஓரடி மேடேறினாலும் வித்தியாசம் தெரியும். முக்குளிப்பான் மாதிரி முங்கி முங்கி எழும் பறவைகளை இரண்டு மூன்று முறை எண்ணி, அதிகமாக வந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பல இன வாத்துகள் கலந்திருந்தால் முதலில் மொத்தத்தை எண்ணிவிட்டு, கூட்டத்தின் இரண்டு மூன்று இடங்களில் எந்த இனம் எத்தனை என்று பார்த்து, அந்த விகிதத்தில் பிரியுங்கள்.

பெரிய கூட்டத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது பெரும்பாலோர் குறைத்துத்தான் சொல்வார்கள். உங்கள் பஞ்சாயத்தில் நான் 200 பக்கம் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்து, பிறகு பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். கண் எவ்வளவு ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

நடைபாதையில் போன வழியே திரும்பி வந்தால், போகும்போது எண்ணியவற்றை மறுபடி எண்ண வேண்டாம். புதிதாகத் தெரிவதை மட்டும் சேருங்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள், அதே மீன்கொத்தி அதே கிளைக்கு வந்து வந்து போகிறது என்றால், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தன என்பதுதான் எண். பிரிட்டனில் 1979 முதல் ஜனவரியில் நடக்கும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கும் இதே விதிதான்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, பலரும் கோட்டைவிடுவது வேறொரு இடத்தில்: எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதை எழுத மறந்துவிடுவார்கள். பன்னிரண்டு பேர் மூன்று மணி நேரம் சுற்றிய நாளையும் இரண்டு பேர் ஒரு மணி நேரம் பார்த்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பறவைகள் குறைந்துவிட்டன என்றுதான் தோன்றும். குறைந்தது ஆட்கள். அமெரிக்காவில் 1900-இல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் தொடங்கிவைத்த கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பில் முதல் ஆண்டு கலந்துகொண்டவர்கள் வெறும் 27 பேர். இன்று பல்லாயிரம் பேர். எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டால் பறவைகள் பெருகிவிட்டதாகக் கணக்கு வரும். அதனால்தான் ஒவ்வொரு குழுவும் எத்தனை மணி நேரம் களத்தில் இருந்தது என்பதையும் அங்கே பதிவு செய்கிறார்கள். வட அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய இன்னொரு கணக்கெடுப்பு இதில் இன்னும் கறார்: ஒரு பாதையில் 50 நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம், அவ்வளவுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970-க்குப் பிறகு ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்களே, அதற்கு அடிப்படையாக இருந்தவற்றில் இந்தத் தன்னார்வலர்களின் தாள்கள் முக்கியமானவை. நீங்களும் ஒரே பாதை, ஒரே தொடக்க நேரம், ஒரே கால அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப் பறவைகளுக்கு விடிந்த முதல் ஓரிரு மணி நேரம் நல்லது. பலத்த காற்று, கனமழை என்றால் தள்ளிப்போடுங்கள்.

பெயர் தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். ‘ஏதோ ஓர் உள்ளான்’ என்பதும் மதிப்புள்ள பதிவுதான். ‘சாதாரணப் பறவைதானே’ என்று காக்கையை விட்டுவிடவும் வேண்டாம். பார்த்ததையும் கேட்டதையும் முழுமையாக எழுதிய பட்டியலில்தான் ஒரு பறவையின் பெயர் இல்லாததற்கும் பொருள் உண்டு. வெளியிலிருந்து வந்து குடியேறிய இனங்களையும் இதே காரணத்துக்காக எண்ண வேண்டும். இந்தியாவின் சொந்தப் பறவையான நம் மைனா, ஆஸ்திரேலியாவில் மரப்பொந்துகளுக்காக அந்த மண்ணின் பறவைகளோடு மல்லுக்கட்டுகிறது. அது எங்கே, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று தெரிய வேண்டுமானால் யாராவது எண்ணித்தானே ஆக வேண்டும்?

அப்புறம் முயல், ஆமை, பாம்பு. எழுதுங்கள், ஆனால் வேறு தாளில். தற்செயலாகக் கண்ணில் பட்டவற்றைக் கணக்கெடுப்போடு கலந்தால் இரண்டும் கெடும். ஆமையைப் படம் எடுக்கக் குனிந்து நிற்பவரின் தலைக்கு மேலே பருந்து போய்விடும். அதற்காகவே ஒருவரை ஒதுக்கிவிடலாம். தேதி, இடம், ஒரு படம் இருந்தால், எல்லா உயிரினங்களையும் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றலாம்; அங்கே மற்றவர்கள் இனத்தை உறுதிசெய்வார்கள். பறவைக்கு உகந்த நேரம் மற்றவற்றுக்கு ஒத்துவராது என்பதையும் மனதில் வையுங்கள். பட்டாம்பூச்சி வெயில் ஏறிய பிறகு, தவளை மழைக்குப் பிந்தைய இரவில் குரலை வைத்து, ஆமை வெயில் காயக் கரையேறும்போது. பாலூட்டிகளில் பலவும் இரவில்தான் நடமாடும். கால்தடமும் எச்சமும் அளவுகோலோடு படம் எடுத்தால் போதும். பாம்பைத் தேடிக் கல்லைப் புரட்ட வேண்டாம், பறவையை வரவழைக்க ஒலிப்பதிவைப் போடவும் வேண்டாம். ஆந்தையின் கூடு, அரிய விலங்கின் வளை போன்றவற்றின் இருப்பிடத்தைச் சரணாலய நிர்வாகத்திடம் மட்டும் சொல்லுங்கள். குழு வாட்ஸப்பில் போட்டால் மறுநாளே கேமராக் கூட்டம் வந்து நிற்கும்.

தாள்களை அன்றைக்கே உட்கார்ந்து சரிபார்த்துவிடுங்கள். ஒரு நாள் தள்ளினாலும், ‘7.20, வடக்கே’ என்று எழுதியது யார் என்பதே மறந்துபோகும்.