ராபி இல்லத்தின் சுவர்

அன்புள்ள ஐயா,
நான் கட்டடக்கலை முதலாண்டு மாணவி. சிகாகோவில் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த ராபி இல்லத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். படங்களில் நீண்டு தாழ்ந்த கூரைதான் தெரிகிறது. வாசல்கூடத் தெருவைப் பார்த்து இல்லை. கட்டச் சொன்னவரே 14 மாதங்கள்தான் குடியிருந்தாராம். அதை ஏன் கொண்டாட வேண்டும்?
சு.

அன்புள்ள சு.,

ராபி வெளியேறியதற்குத் தந்தை விட்டுச்சென்ற கடனும் முறிந்த மணவாழ்வும் காரணங்கள். அந்தப் பழியை வீட்டின்மேல் போடாதீர்கள். பின்னாளில் வந்த வில்பர் குடும்பம் 1926 வரை அங்கே வாழ்ந்தது. வாசலைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

கூரையைத் தவிர எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை வருத்துகிறது. கட்டடக்கலை படிப்பவர் சுவரைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? அங்கே சென்றிருந்தபோது, உள்ளே போகக் காத்திருந்தவர்களை விட்டு விலகி, தென்புறச் சுவரை ஒட்டி நெடுநேரம் நின்றேன். ஏறத்தாழ ஓரடி நீளமும் இரண்டு அங்குலத்துக்கும் குறைவான உயரமும் கொண்ட மெல்லிய செங்கற்கள். கிடைமட்ட இணைப்புகளில் வெளிறிய சாந்தைப் பூசி, நிழல் விழும்படி உள்ளே அழுத்தியிருக்கிறார்கள். செங்குத்து இணைப்புகளிலோ செங்கல்லின் நிறத்திலேயே சாந்தைக் குழைத்து, கல்லின் முகத்தோடு சமமாக நிரப்பியிருக்கிறார்கள். நாலடி பின்னால் நகர்ந்தால் செங்குத்துக் கோடுகள் மறைந்துவிடுகின்றன; சுவர் முழுவதும் படுக்கைக் கோடுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு கல்லுக்கும் இருவகைச் சாந்து, இருவகைப் பூச்சு என்றால் கொத்தனார்களின் பொறுமையை எண்ணிப் பாருங்கள். 1909 இலையுதிர்காலத்தில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ரைட் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். அதன் பிறகும் அந்தக் கைகள் தளரவில்லை.

இந்த வீட்டின் பாணியான பிரெய்ரி பாணி என்பது அமெரிக்க நடுமேற்கின் சமவெளியைப் போலக் கிடையாக விரியும் கட்டடம் என்று பாடநூல்கள் சொல்லும். அந்த விரிவு சாந்துக் கோட்டில் தொடங்கி, சாளரங்களின் கீழ் ஓடும் சுண்ணாம்புக்கல் பட்டைகளில் தொடர்ந்து, எஃகு உத்தரங்கள் தாங்கும் இறவாரத்தில், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பில்தான் முடிகிறது. முடிவை மட்டும் பார்த்துவிட்டுத் தொடக்கத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

1957இல் இந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்றறிந்து, தொண்ணூறை நெருங்கிய ரைட் நேரில் வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். வீடு பிழைத்தது, 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. சுவரை அருகிலிருந்து எடுத்த படம் ஒன்றைத் தேடி, இரண்டு வரிசைக் கற்களையும் அவற்றின் இணைப்புகளையும் உங்கள் கையால் வரைந்து பாருங்கள், மகளே. கட்டுரையை அதன் பிறகு தொடங்கலாம்.

அன்புடன்.