பினாங்கில் ஒரு பகல்: கப்பலைத் தவறவிடாமல் ஊர் சுற்ற

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் பினாங்கு, புக்கெட் போகிறோம். பினாங்கில் காலை 8 முதல் மாலை 5 வரை நிற்குமாம். முழங்கால் வலியுள்ள அம்மாவும் வருகிறார். கப்பலிலேயே டூர் எடுப்பதா, நாங்களே சுற்றுவதா?

பதில்: பினாங்கில் டூர் தேவையில்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுனின் பழைய நகரமே எதிரில். ஒரே வித்தியாசம், கப்பல் டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களே சுற்றித் தாமதமானால் காத்திருக்காது.

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். 8 மணி என்பது கப்பல் கரையணையும் நேரம். குடிநுழைவு வரிசை முடிந்து தெருவுக்கு வர 9 ஆகிவிடும். 5 மணி புறப்படும் நேரமென்றால், கடைசியாக ஏறும் நேரம் அரை மணி முதல் ஒரு மணி வரை முந்தியது. அன்றைய நிகழ்ச்சித் தாளில் இருக்கும், போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் அழைக்க, துறைமுக முகவரின் (அங்கே கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) எண்ணும் பெரும்பாலும் அதில்தான். 3 மணிக்குத் துறைக்குப் பக்கத்தில் இருந்தால் பதற்றமில்லை.

குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கு (1833) முதலில் போங்கள். நடந்தால் கால்மணி நேரம்; நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அங்கிருந்து கிராப் காரில் (செயலியில் கூப்பிடும் டாக்சி) ஆயர் ஈத்தாம் போனால் பினாங்கு மலை ரயில். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் வரிசை நீளும். ஏற மட்டுமல்ல, இறங்கவும் வரிசை உண்டு. பலர் மாட்டிக்கொள்வது அதில்தான். 11 மணிக்குள் ரயிலேற முடியாதென்றால் மலையை விட்டுவிடுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள், அம்மாவுக்கு வேண்டாம்.

1.30-க்குள், மாரியம்மன் கோயில் இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கே திரும்பி, நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்) சாப்பிட்டுவிட்டு, கபித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நிழலில் மெதுவாக நடக்கலாம். கிராப் கூப்பிட இணையம் வேண்டும். இந்திய சிம் என்றால் ரோமிங்கை முன்பே போட்டுவையுங்கள்.

மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை உங்களுக்குத் தேவையா என்று கப்பல் நிறுவனத்தைக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக்கூடியதா என்றும் பாருங்கள். திரும்பி வருவதும் ஒரு நுழைவுதான்.

புக்கெட்டில்தான் பெரிய ஆபத்து. தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். உங்கள் போனோ தானாக மாறிவிடும். போன் 4 காட்டும்போது கப்பலில் 5. அம்மாவின் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்து, அதை மாற்றாமல் விடுங்கள்.