துப்பாக்கிக் கட்டையை மாற்றுவதற்கு முன்

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். ஈப்போவில் ஒரு துப்பாக்கி சுடும் மன்றத்தில் உறுப்பினர். என் பெயரில் உரிமம் பெற்ற சிஇசட் 455, பாயிண்ட் 22 போல்ட் துப்பாக்கி (போல்ட் என்னும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) இருக்கிறது. மழைக்காலத்தில் 50 மீட்டரில் குண்டு விழும் இடம் வலப்பக்கம் மேலே ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. குழலைத் தாங்கித் தோளில் பதியும் மரக்கட்டையை (ஸ்டாக்) எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக சேசிஸ் என்னும் அலுமினியச் சட்டம் போடச் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து 3,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) வரவழைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். 455, 457 என்ற இரண்டு மாடல்களுக்கும் அதுவே பொருந்துமாம், "சைக்கிள் பாகம்" என்று எழுதி அனுப்பினால் சுங்கத்தில் தொல்லை இராதாம். வாங்கலாமா? பழைய கட்டையை விற்றுவிடலாமா?

பதில்: அந்த மனிதரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், பார்சல் புறப்படுவதற்கு முன் திரும்பக் கேளுங்கள். கட்டை மரமா, அலுமினியமா என்ற பேச்சு அதற்குப் பிறகு வரட்டும். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் "ஆயுதம்" என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கியோடு அதன் பாகமும் சேர்ந்தே வருகிறது. வெறும் கட்டையிலிருந்து குண்டு பாயாது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் சுங்கக் கிடங்கில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரி துப்பாக்கியின் உருவத்தைத்தான் பார்ப்பார், அருகிலேயே "சைக்கிள் பாகம்" என்று எழுதிய தாளையும் பார்ப்பார். பொருளின் மீது வராத சந்தேகம் அந்தப் பொய்யின் மீது வரும். பொட்டலத்தில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் முகவரியும். தரகர் பெயர் எங்கும் இராது. ஆயுதக் குற்றங்களுக்கென்றே தண்டனையைக் கூட்டி 1971இல் தனிச்சட்டம் இயற்றிய நாடு இது. வழக்கு எப்படி முடிந்தாலும், அது முடியும் வரை உங்கள் உரிமமும் துப்பாக்கியும் உங்கள் கையில் இருக்காது.

இத்தகைய தரகர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இவர்களில் பெரும்பாலோருக்குத் துப்பாக்கியே தெரியாது, கைப்பேசியில் படம் காட்டத்தான் தெரியும். உங்களுக்குச் சொல்லப்பட்ட "455, 457 இரண்டுக்கும் பொருந்தும்" என்பதே அதற்குச் சாட்சி. குழலும் போல்ட்டும் பொருந்தியிருக்கும் இரும்புக்கூட்டை ஆக்‌ஷன் என்கிறோம். அந்த ஆக்‌ஷன் அமரும் குழிவு ஒவ்வொரு மாடலுக்கும் வேறு, அதனால் கட்டை தயாரிப்போர் 455க்கும் 457க்கும் தனித்தனியாகவே குழிவு வெட்டி விற்கிறார்கள். 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700இன் குழிவைப் பிற நிறுவனங்கள் பலவும் பின்பற்றியதால், சந்தையில் மிகுதியாகக் கிடைப்பது அந்த அளவுதான். தரகர்கள் கையில் கிடைப்பதும் அதுதான். அது உங்கள் துப்பாக்கியில் உட்காராது. உட்காராததை உட்கார வைக்க ஒர்க்‌ஷாப்பில் மில்லிங் மிஷின் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும், ஆனால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் செய்ய வேண்டிய வேலையைத் தோட்டத்து மிஷினில் செய்தால் தோட்ட நிர்வாகத்தையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள்.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். ஐம்பது மீட்டர் போட்டி இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், எனவே 15 மில்லிமீட்டர் நகர்வு உங்களைக் கலங்க வைப்பது நியாயமே. ஆனால் நகர்வதும் சிதறுவதும் ஒன்றல்ல. குண்டுகள் நெருக்கமாகவே விழுந்து, கூட்டமாக இடம் மாறினால் கட்டையைச் சந்தேகிக்கலாம். பரவலாகச் சிதறினால் முதலில் தோட்டாவைப் பாருங்கள். பாயிண்ட் 22 ரகத்தில் ஒரே பெயர் போட்ட தோட்டாவேகூட ஒரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) இன்னொரு லாட்டுக்கும் வேறுபடும், அதற்குச் சேசிஸ் மருந்தாகாது. உங்கள் கடிதத்தின்படி கூட்டம் கலையவில்லை, இடம்தான் மாறுகிறது, அதுவும் மழைக்காலத்தில் மட்டும். ஆகவே மரம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

குளிர்நாட்டுத் தொழிற்சாலையில் உலர்த்திக் கடைந்த மரத்தில் ஈரப்பதம் ஏறத்தாழ 8 சதவீதம் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கத்துக் காற்றில் கிடந்தால் அதே மரம் மெல்ல மெல்ல 14, 15 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, அகலவாக்கில்தான் உப்பும். பீச் மரமானால் 45 மில்லிமீட்டர் அகலமுள்ள முன்கட்டை 1 மில்லிமீட்டர் வரைகூட விரியலாம், வால்நட் கொஞ்சம் குறைவாக விரியும். குழலுக்கும் கட்டைக்கும் இடையில் விட்டிருக்கும் இடைவெளியே ஏறத்தாழ அவ்வளவுதான். உப்பிய மரம் ஒருபக்கமாகக் குழலைத் தொட்டுவிட்டால், சுடும்போது குழல் அதிரும் விதம் மாறி, குண்டு எதிர்ப்பக்கம் போகும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். மன்றத்தில், பொறுப்பாளர் முன்னிலையில், தோட்டாக்கூட்டைக் கழற்றி, போல்ட்டை வெளியே எடுத்து, தோட்டா அமரும் அறை காலி என்பதை இருவரும் உறுதி செய்த பிறகு, ஒரு வெள்ளி நோட்டைக் குழலுக்கடியில் செலுத்தி முன்நுனியிலிருந்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். அந்த நோட்டு பிளாஸ்டிக் என்பதால் கிழியாமல் வழுக்கிக்கொண்டு போகும், போகாமல் நிற்கும் இடத்தில் மரம் குழலைத் தொடுகிறது. பிறகு ஒரு விரலைக் குழலும் முன்கட்டை நுனியும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டு, ஆக்‌ஷனைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளில் பின்திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். குழல் எழும்புவதை விரல் உணர்ந்தால், ஆக்‌ஷன் கட்டையில் வளைந்து அமர்ந்திருக்கிறது என்று பொருள். நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பவர்கள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தால் வேலை செய்ய வேண்டும் என்பார்கள்.

அடுத்து தோள்தட்டைக் கழற்றிப் பாருங்கள். போன ஆண்டு என்னிடம் வந்த ஒரு கட்டையில் வெளியே வார்னிஷ் கண்ணாடிபோல் மின்னியது. தோள்தட்டைக் கழற்றியதும் உள்ளே தேநீரில் முக்கிய பிஸ்கட்டைப்போல் மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதியும் நிலையில் இருந்தது. பல கட்டைகளுக்கு வெளியே மட்டும் வார்னிஷ் பூசி, உள்ளே குழல் படியும் வாய்க்காலையும் தோள்தட்டுக்கு அடியிலுள்ள வெட்டுமுகத்தையும் திருகுத் துளைகளையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மரம் ஈரம் குடிப்பது அந்த வாய்களின் வழியாகத்தான்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "நம் நாட்டு வெயில் மழைக்கு மரக்கட்டை ஆகாது" என்று எல்லா மன்றங்களிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளும் புறமும் அடைக்கப்பட்ட மரக்கட்டைக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. கட்டையைக் கழற்றி, குளிர்சாதன அறையில் சில வாரங்கள் சீராக உலரவிட்டு, வாய்க்காலை உருண்டைக் கம்பில் சுற்றிய உப்புத்தாளால் சற்று அகலமாக்கி, மூடாமல் விட்ட ஒவ்வொரு இடத்திலும் நீர்த்த எபோக்சிப் பசையை இரண்டு மூன்று தடவை ஊற வைத்துப் பூச வேண்டும். திருகுகள் இறங்கும் இடத்தில் அலுமினியக் குழாய்த் துண்டுகளைப் பதித்து, ஆக்‌ஷன் அமரும் குழிவில் எபோக்சியை நிரப்பி, இரும்பில் மெழுகு தடவி அதன் மேல் அமர்த்தி இறுகவிட வேண்டும். இப்படிச் செய்த பிறகு ஆக்‌ஷன் தொடுவது எபோக்சியையும் அலுமினியத்தையும்தான், மரத்தை அன்று. சேசிஸ் செய்யும் வேலையும் இதுவே. போட்டிக்கென்றே வந்த பழைய அன்சூட்ஸ் (ஜெர்மன் துப்பாக்கி நிறுவனம்) மரக்கட்டைகள் இவ்வாறு பராமரிக்கப்பட்டு இன்றும் பத்துக்குள் விழுவதைப் பார்க்கிறேன். உலர வைக்காமல் ஈரத்தோடு பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும், பூசாமல் விட்டுவிடுவதே அதைவிட மேல். ஆகவே வாரங்களைக் குறைக்காதீர்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் இந்த வேலைக்கு ஆகும் செலவு, தரகர் சொன்ன விலையில் சிறு பங்காகவே இருக்கும்.

இதற்குள் யாராவது ஒருவர், நம் தச்சரிடம் ரப்பர் மரத்தில் கடைந்து வாங்கலாமே, செங்கால் மரம் என்றால் இன்னும் உறுதியாயிற்றே என்பார். ரப்பர் மரம் சரியாக மருந்தேற்றாவிட்டால் பூஞ்சையும் வண்டும் பிடிக்கும், செங்கால் கையில் தூக்கிச் சுட முடியாத கனம். எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமம் இல்லாத தச்சர் துப்பாக்கியின் பாகத்தைச் செய்வது அவரைத்தான் சிக்கலில் மாட்டும்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், மெல்லிய மரத் தகடுகளைப் பசையிட்டு ஒட்டிய லேமினேட் கட்டை, கண்ணாடி இழைக் கட்டை, அலுமினிய சேசிஸ் என்று மூன்று வழிகள் உண்டு. லேமினேட் சாதாரண மரத்தைவிட நிலையானது, ஆனால் கனமானது, அதற்கும் உட்புறப் பூச்சு தேவை. கண்ணாடி இழைக்கு ஈரம் ஒரு பொருட்டே அல்ல. சேசிஸில் உலோகத்தின் மேல் உலோகம் அமர்வதால் எபோக்சி வேலையும் பெரும்பாலும் மிச்சம், கன்னம் பதியும் மேட்டையும் தோள்தட்டையும் உங்கள் உடலுக்கேற்ப நகர்த்திக்கொள்ளவும் முடியும். உதைப்பு குறைந்த பாயிண்ட் 22க்கு அதன் வலிமை அவசியமில்லை, உடலுக்குப் பொருந்துவதே அதன் உண்மையான பயன். முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, உள்மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை அளந்துகொள்ளுங்கள், சுடும் விசையிலிருந்து தோள்தட்டு வரை கட்டைக்கு வேண்டிய நீளம் அதை ஒட்டியே இருக்கும். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், கழுத்தை நீட்டாமலே ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிய வேண்டும். அது தெரியாத கட்டை எத்தனை ஆயிரம் வெள்ளியானாலும் உங்களுடையதாகாது. திருகுகளை முறுக்குவிசை காட்டும் கருவியால் மட்டும் இறுக்குங்கள். அலுமினியத்தில் அமரும் பெரிய துப்பாக்கிகளுக்குச் சொல்லப்படும் 65 இஞ்ச் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை வெறும் மரத்தில் கொடுத்தால் மரம் நசுங்கிவிடும்.

வாங்கும் வழி ஒன்றே. உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் உங்கள் உரிமத்தையும் ஆக்‌ஷனின் மாடல், தொடர் எண்களையும் காட்டுங்கள், இறக்குமதி அனுமதியை அவர் பெயரில் கேட்கச் சொல்லுங்கள், மாநிலக் காவல்துறையின் உரிமப் பிரிவிடமிருந்து பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். முகப்பில் நிற்பவர் "பரவாயில்லை, கொண்டு வாருங்கள்" என்று வாயால் சொன்னால் அது அனுமதி அன்று. படிவங்கள் காட்டுப்பன்றி விரட்டும் தோட்டத் துப்பாக்கிகளை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டவைபோல் இருக்கின்றன, கட்டையை மாற்றுவதற்கென்று அவற்றில் இடமே இல்லை. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் ஸ்டாக் என்றால் என்னவென்று மூன்று மேசைகளில் விளக்கிவிட்டு, மதியத்துக்குப் பிறகு வரச் சொன்னதால் வெறுங்கையோடு பேருந்தில் திரும்பியிருக்கிறேன். சட்டத்தை மதித்து நேர்வழியில் வரும் விளையாட்டு வீரரை இப்படி அலைக்கழித்தால் அவர் தரகரிடம்தான் போவார் என்பது அங்கிருப்பவர்களுக்குப் புரிவதில்லை. நீங்கள் கடிதத்தில் ஸ்டாக் என்று எழுதாமல் மலாயில் "போப்போர் செனாப்பாங்" என்றே எழுதி, பழைய கட்டையின் படத்தையும் வரப்போகும் கட்டையின் படத்தையும் பக்கம் பக்கமாக ஒட்டிக் கொடுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பழைய கட்டையை விற்கக் கூடாது. வருவது துப்பாக்கியின் பாகம் என்றால் போவதும் துப்பாக்கியின் பாகம்தான், வாங்குபவரிடம் உரிமம் இருக்கிறதா என்பதைப் படம் போட்டு விற்கும் இடத்தில் நீங்கள் அறிய முடியாது. உரிமத்துக்காகத் துப்பாக்கியைக் காட்டும் நாளில் முன்பு இருந்த உருவம் எங்கே என்று கேட்டால் எடுத்துக் காட்டவும் அது வேண்டும். தோள்தட்டைக் கழற்றி, உலர்த்தி, பூச்சுப் பூசி, துப்பாக்கி இருக்கும் அதே இரும்புப் பெட்டியில் படுக்க வைத்துப் பூட்டுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் வளைந்துவிடும்.