ஓட்டல் கேஸ் அடுப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

ஓட்டல், மெஸ், கல்யாண மண்டபச் சமையற்கூடங்களில் கேஸ் அடுப்பு பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அதிகாலையில் முதல் அடுப்பைப் பற்றவைக்கும்போது ‘டப்’ என்று சத்தம் வந்து தீ மாஸ்டரின் முகம்வரை எழுகிறது. அடுப்பில் கோளாறா? (டிபன் கடை, திண்டுக்கல்)

அடுப்பில் அல்ல, பற்றவைக்கும் வரிசையில்தான் கோளாறு. உங்கள் மாஸ்டர் குமிழைத் திருகிவிட்டு அப்புறம் தீப்பெட்டியைத் தேடுகிறார். வீட்டு அடுப்பில் அந்த நான்கு விநாடி பெரிதாகத் தெரியாது. ஹை பிரஷர் பர்னரில் அதற்குள் கணிசமான கேஸ் வெளியே வந்துவிடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

சமையற்கூடத்துக்குள் நுழைந்ததும் விளக்கு, மின்விசிறி எதையும் தொடாமல் குனிந்து தரைப்பக்கம் மோந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப் போலத் தாழ்வான இடம் தேடிப் போய்த் தேங்கும். நின்றபடி மோந்தால் தெரியாமல் போகலாம். வாடை இருந்தால் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். புகைபோக்கி விசிறியைப் போட்டு வாடையைப் போக்க நினைப்பவர்கள் உண்டு. அந்த சுவிட்சின் பொறி ஒன்றே போதும், கூடமே பற்றிக்கொள்ளும்.

வாடை இல்லையென்றால், எல்லாக் குமிழ்களும் மூடியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்த பிறகே சிலிண்டர் வால்வைத் திறக்க வேண்டும். முந்தின இரவு யாரோ ஒரு குமிழைப் பாதியில் விட்டிருப்பார்கள்; வாணலி மறைத்திருக்கும். பிறகு நீளமான லைட்டரின் தீயைப் பர்னர் ஓரத்தில் காட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, குமிழை மெதுவாகத் திறக்க வேண்டும். தீ காத்திருக்க வேண்டும். கேஸ் காத்திருக்கக் கூடாது. ஒரு முறை பற்றவில்லை என்றால் மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி முயல வேண்டும். உடனே இரண்டாவது குச்சியைக் கிழிக்கும் அவசரத்தில்தான் புருவம் கருகுகிறது.

தீ மஞ்சளாக எரிகிறது, அண்டாவின் அடியெல்லாம் கரி. ஜெட் (கேஸ் பீறிட்டு வரும் சிறு முனை) துளையைப் பெரிதாக்கினால் சரியாகுமா? (மெஸ், திருச்சி)

தயவுசெய்து துளையைக் குடைய எடுத்த ஆணியைக் கீழே வைத்துவிடுங்கள். துளை பெரிதானால் கேஸ் கூடும், கரியும் கூடும். மஞ்சள் தீ என்றால் காற்று போதவில்லை என்று பொருள். பர்னர் குழாயின் வாயில், ஜெட்டுக்கு அருகே இருக்கும் காற்றுத் தகட்டைச் சிறிது சிறிதாகத் திறந்து பாருங்கள். தீ நீலமாகி பர்னரின் மேல் நிலையாக உட்கார வேண்டும். பர்னரை விட்டு எழும்பி ‘உஸ்’ என்று இரைந்தால் காற்றோ அழுத்தமோ அதிகம்.

தகடு சரியாக இருந்தும் மஞ்சள் போகவில்லையா? பொங்கி வழிந்த பாலும் சாம்பாரும் பர்னர் துளைகளை அடைத்திருக்கும். தினமும் இரவு அடுப்பு ஆறியபின் பர்னர் தலையைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஈரம் போகக் காய்ந்தபின் மாட்டுங்கள். தீ உள்ளே போய்க் குழாய்க்குள் எரிந்து உறுமினால் உடனே மூடிவிடுங்கள். குழாய் ஆறும்வரை மறுபடி பற்றவைக்காதீர்கள்.

மதிய வேளையில் சிலிண்டரின் மேல் பனி படிந்து தீ இறங்கிவிடுகிறது. வெந்நீர் ஊற்றுகிறோம். சரியா? (பிரியாணிக் கடை, ஆம்பூர்)

சரியில்லை. உள்ளே திரவமாக இருப்பது ஆவியாக மாறும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரே சிலிண்டரிலிருந்து அது தாங்கும் வேகத்தைவிட அதிகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் விழும். இரண்டு, மூன்று சிலிண்டர்களை ஒரே குழாய் வரிசையில் இணைத்துப் பயன்படுத்தினால் பிரச்சினை தீரும். சிலர் கடைசிச் சொட்டுக்காகச் சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள். இது வெந்நீரைவிட மோசம். திரவமே குழாயில் வந்துவிடும். அது ஆவியானால் ஏறக்குறைய 250 மடங்கு விரியும். அப்போது அடுப்பில் வருவது தீயாக இருக்காது, தீப்பந்தாக இருக்கும்.

பேக்கரி ஓவனில் பைலட் தீ (பெரிய பர்னரைப் பற்றவைக்கும் சிறு தீ) எரிகிறது. குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. (நாகர்கோவில்)

பைலட்டுக்கு அருகே விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் உணரி சூடானால்தான் வால்வு திறந்தபடி நிற்கும். அரை நிமிடமாவது குமிழை அழுத்திப் பிடியுங்கள். அதன்பிறகும் அணைந்தால், உணரியின் நுனி தீயில் படுகிறதா, கரி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். குமிழைக் கம்பியால் கட்டி வைக்கும் ‘தீர்வு’ ஒன்றைப் பல இடங்களில் பார்க்கிறேன். தீ அணைந்தால் கேஸை நிறுத்துவதற்காக வைத்த பாதுகாப்பையே கட்டிப்போடுகிறீர்கள். மறுபடி பற்றவைக்கும் முன் ஓவன் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள்.

வீட்டு சிலிண்டரை அவசரத்துக்கு மாட்டலாமா?

கூடாது. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுக்கு, 19 கிலோ சிலிண்டர் கடைக்கு. மீறினால் சட்டப்படி குற்றம்.

எத்தனை சிலிண்டர் வைத்துக்கொள்ளலாம்? (கேட்டரிங், கோவை)

மொத்தம் 100 கிலோ எல்பிஜி வரை தனி உரிமம் தேவையில்லை. 19 கிலோவில் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவது வந்தால் வரம்பு தாண்டும். மாற்றுக்கு வைத்திருக்கும் நிரம்பிய சிலிண்டரும் கணக்கில் சேரும். சிலிண்டரை நிமிர்த்தி வையுங்கள், வெளிக்காற்று படும் இடத்தில் வையுங்கள். நிலவறையும் சாக்கடை வாயும் வேண்டாம்.

குழாயில் கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சோப்பு நுரை. இணைப்பு ஒவ்வொன்றிலும் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டொழியுங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் டேப் சுற்றாமல் மாற்றிவிடுங்கள். கசிவுக்கு அவசர உதவி எண் 1906.

சிலிண்டர் வாயில் தீப்பிடித்தால் உடனே அணைக்க வேண்டுமா?

முதலில் வால்வை மூட வேண்டும். தீ சிறிதாக இருந்து கிட்டே போக முடிந்தால், ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மூடுங்கள். தீ தானே போய்விடும். வால்வை மூட முடியாத நிலையில் தீயை மட்டும் அணைத்தால், கேஸ் தொடர்ந்து வந்து கூடம் நிரம்பி, வேறொரு பொறியில் ஒரேயடியாக வெடிக்கும். கிட்டே போக முடியவில்லை என்றால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 101ஐ அழையுங்கள்.

இரவில் அடைக்கும்போது எதை முதலில் மூடுவது?

சிலிண்டர் வால்வை. குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீர்ந்து தீ தானாக அணைந்த பிறகு குமிழ்களை மூடுங்கள். பைலட் உள்ள ஓவனுக்கும் இதே வரிசைதான்.