பேட்டரி புதுசு, எச்சரிக்கை பழசு

போர்ஷே 911, கேமன், பிஎம்டபிள்யூ எம்2, மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. சுற்றிச் சுற்றி எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: திரையில் ‘பேட்டரி சார்ஜ் குறைவு’ என்று வருகிறது, போகமாட்டேன் என்கிறது. ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருபது வருடத்துக்கு மேல் வயரோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டில் மல்டிமீட்டர் இல்லாதவர்கள் முதலில் ஒன்று வாங்கிவிடுங்கள். புது ஏஜிஎம் பேட்டரி (கண்ணாடி நார் மெத்தையில் ஆசிட்டைப் பிடித்து வைக்கும் ஈய பேட்டரி) விலையோடு பார்த்தால் அது டீக்காசு.

கேள்வி (மியூனிக்): அண்ணா, என்னுடையது 2013 மாடல் 911, 991 வகை. நான்கு வருடத்தில் இது மூன்றாவது பேட்டரி. போன மாதம்தான் 80 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) ஏஜிஎம் புதிதாகப் போட்டேன். ஐந்து நாள் கராஜில் நின்றால் மறுபடியும் அதே எச்சரிக்கை. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடவா?

பதில்: பொறுங்கள் தம்பி. வாங்கிய மூன்றுமா கெட்ட பேட்டரியாக இருந்திருக்கும்? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டிதான் பேட்டரி; அதை நிரப்பும் மோட்டார்தான் இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். தொட்டி காலியாகிறது என்றால் தொட்டியே விரிசலா, மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லையா, இல்லை எங்கோ ஒரு குழாய் மூடாமல் ஒழுகுகிறதா? மூன்றையும் பார்க்காமல் தொட்டியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் எப்படி?

முதல் அளவு: வண்டியை ஓட்டிவிட்டு இரவு முழுக்க நிறுத்தி, காலையில் எதையும் போடாமல் வோல்ட் பாருங்கள். 12.6-இல் இருந்து 12.8 வரை என்றால் தொட்டி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இரண்டாவது: இன்ஜின் ஓடும்போது. 13.8-க்கும் 14.7-க்கும் நடுவே இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது, அதைத் தொடவேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: வண்டி தூங்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது. உங்கள் பேட்டரி முன்பக்க டிக்கியில் இருக்கிறது. டிக்கி திறந்திருந்தால் வண்டி தூங்காது. அதனால் லாட்சை ஒரு ஸ்க்ரூடிரைவரால் ‘டக்’கென்று மூடிய நிலைக்குத் தள்ளுங்கள், வண்டி டிக்கி மூடியதாக நினைத்துக்கொள்ளும். பேட்டரி மைனஸ் கேபிளில், கேபிளைச் சுற்றிக் கவ்வி கரண்ட் அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள் (கடையில் மலிவாகக் கிடைக்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசி மட்டும்தான் படிக்கும், பார்த்து வாங்குங்கள்). பூட்டி, சாவியைத் தூரமாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ரீடிங் பாருங்கள். ஒரே அடியாக இறங்காது. பூட்டியதும் பல ஆம்பியர், அப்புறம் வண்டிக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்கள், அதாவது மாட்யூல்கள், ஒவ்வொன்றாகத் தூங்கத் தூங்கப் படிப்படியாக இறங்கும். கடைசியில் 50 மில்லிஆம்பியருக்குள் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் குழாய் ஒழுகுகிறது.

மல்டிமீட்டரைத் தொடர் இணைப்பில் வைத்து அளக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. மீட்டர் நடுவில் இருக்கும்போது கதவைத் திறந்தாலோ, செல்ஃப் அடித்தாலோ உள்ளே இருக்கும் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும். நான் எத்தனை ஃபியூஸ் எரித்தேன் என்று கேட்காதீர்கள். ரீடிங்கோடு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி (கோயம்புத்தூர்): சார், வண்டியை அதிகம் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுகிறேன். அப்படியும் எச்சரிக்கை வருகிறதே?

பதில்: பலரும் செய்வதுதான், ஆனால் பிரயோஜனம் ரொம்பக் குறைவு. கணக்குப் பார்ப்போம். ஒரு முறை செல்ஃப் எடுக்க 200 ஆம்பியர், இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டால்கூடச் செலவாவது 0.11 ஆம்பியர்-அவர்தான். அது திரும்ப ஏறிவிடும். ஆனால் 50 மில்லிஆம்பியர் மட்டும் இழுக்கும் ஆரோக்கியமான வண்டியே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் குடிக்கிறது. வாரத்துக்கு 8.4. மாதத்துக்கு 36. எழுபது ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி! வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலே ஒரு மாதத்தில் பாதி போய்விடுகிறது.

ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் முழு பலத்தில் தராது. ரேடியேட்டர் ஃபேன், ஏசி, விளக்கு எல்லாம் அதில் பங்கு கேட்கும். மிச்சம் பேட்டரிக்குப் போவது கொஞ்சம், அதையும் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுகிறீர்கள். சூடேறாத இன்ஜினில் ஆயிலுக்குள் ஈரம் சேர்வது வேறு. இரண்டில் ஒன்று செய்யுங்கள்: பேட்டரி மெயின்டெய்னர் சார்ஜரை (நிற்கும் வண்டியில் பேட்டரியை நிறைவாகவே வைத்திருப்பது) மாட்டி விடுங்கள், அல்லது வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரமாவது நன்றாக ஓட்டுங்கள். உங்கள் ஊரில் செட்டிபாளையம் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அந்த ஓட்டம் பேட்டரிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

கேள்வி (துபாய்): கேமன் வைத்திருக்கிறேன். டேஷ்கேம் போட்டதில் இருந்து இரண்டு மூன்று நாள் நின்றாலே எச்சரிக்கை வருகிறது. சம்பந்தம் உண்டா?

பதில்: பார்க்கிங் மோடில் விட்டிருக்கிறீர்களா? அப்படியானால் வேறு எங்கும் தேடவேண்டாம். அந்த மோடில் ஒரு கேமரா கால் ஆம்பியர் சாதாரணமாக இழுக்கும். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர். ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் செருகும் இடம்) ஏதாவது செருகி வைத்திருந்தால் அதையும் பிடுங்குங்கள். சிலது தானும் தூங்காது, வண்டியையும் தூங்கவிடாது.

இன்னொன்று, உங்கள் ஊர் வெயில். குளிர்தான் பேட்டரியைக் கொல்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கொல்வது வெயில், காட்டிக்கொடுப்பது குளிர். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. மூன்று வருடம் ஆன பேட்டரி என்றால் லோடு டெஸ்ட், அதாவது சுமை கொடுத்தால் தாங்குகிறதா என்ற சோதனை, செய்து பாருங்கள்.

கேள்வி (டொராண்டோ): அண்ணா, 2001 எம்எக்ஸ்-5. நவம்பரில் நிறுத்தினால் ஏப்ரலில்தான் எடுப்பேன். கராஜில் பிளக் பாயின்ட் இல்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவரலாமா? தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று அம்மா சொல்கிறார்.

பதில்: தாராளமாகக் கொண்டுவாருங்கள் தங்கச்சி. தரையில் வைத்தால் இறங்கும் என்பது மரப்பெட்டியில், ரப்பர் பெட்டியில் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. அம்மாவிடம் சண்டை வேண்டாம், ஒரு பலகை மேல் வைத்துவிடுங்கள். காற்றோட்டம் உள்ள இடமாக இருக்கட்டும். முழுசாக ஏற்றி வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் ஏற்றுங்கள். குளிரில் வண்டியிலேயே விட்டு சார்ஜ் இறங்கிவிட்டால் ஆபத்து: நிறைந்த பேட்டரி உங்கள் ஊர் குளிருக்கு உறையாது, காலியான பேட்டரி உறைந்து பெட்டி விரிசல் விட்டுவிடும்.

உங்கள் மாடலில் பேட்டரி பின் டிக்கிக்குள் இருக்கிறது. அதனால் வாயு வெளியே போக ஒரு சின்னக் குழாய் வைத்திருப்பார்கள். அது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று குழாய் மாட்ட வழியில்லாத சாதாரண பேட்டரியை யாராவது போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். ஹைட்ரஜன் ஒரு பக்கம், ஆசிட் ஆவியில் டிக்கித் தகரம் துருப்பிடிப்பது இன்னொரு பக்கம்.

கேள்வி (சிங்கப்பூர்): எம்2-க்கு நானே புது பேட்டரி மாட்டினேன். எச்சரிக்கை போகவில்லை. ஓட்டும்போது சில நேரம் 12.6 வோல்ட்தான் காட்டுகிறது. ஆல்டர்னேட்டர் போச்சா?

பதில்: இல்லை. ஓட்டும்போது வோல்ட் ஏறி இறங்குவது கோளாறல்ல, அதன் புத்தி அப்படி. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஆல்டர்னேட்டர் சுமையைக் குறைத்து, காலை எடுக்கும்போது அதிகமாக ஏற்றும். எரிபொருள் மிச்சம் செய்கிறதாம்.

புது பேட்டரியை வண்டியில் பதிவு செய்தீர்களா? பிஎம்டபிள்யூவில் மைனஸ் டெர்மினலில் ஒரு சென்சார் உட்கார்ந்து கணக்குப்பிள்ளை மாதிரி வரவு செலவு எழுதிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொல்லாதவரை அது பழைய நோட்டிலேயே எழுதும். ஸ்கேனரில் பதிவு செய்யுங்கள். வகையோ அளவோ மாறியிருந்தால் அதையும் மாற்றி எழுதவேண்டும். சார்ஜர் போடும்போது மைனஸ் கிளிப்பை பேட்டரி முனையில் கடிக்கவிடாமல் பாடியில் உள்ள எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். நேராக முனையில் மாட்டினால் ஏறும் சார்ஜ் கணக்குப்பிள்ளை கண்ணில் படாமல் போய்விடும். பேட்டரி நிறைந்திருக்கும், எச்சரிக்கை மட்டும் நிற்கும்.

கேள்வி (லண்டன்): 911-இல் 997 வகை ஜிடி3, லித்தியம் பேட்டரியோடு வந்த வண்டி. 12.8 வோல்ட் இருக்கிறது, நீங்கள் சொல்லும் கணக்குப்படி ஃபுல். ஏன் செல்ஃப் இழுக்க மறுக்கிறது?

பதில்: மேலே சொன்ன கணக்கு ஈயத்துக்கு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நிறைந்திருந்தால் ஓய்வில் 13.3 பக்கம் நிற்கும். அதில் 12.8 என்றால் கிட்டத்தட்ட அடிமட்டம். ஈய பேட்டரி கண்ணால் அதைப் பார்த்துப் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

போர்ஷே 2010-இல் ஜிடி3-க்கும் பாக்ஸ்டர் ஸ்பைடருக்கும் இதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. எடை 6 கிலோவுக்குள். 60 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியைவிட 10 கிலோ குறைவு. ஆனால் உள்ளே இருப்பது 18 ஆம்பியர்-அவர்தான். நாளைக்கு 1.2 வீதம் போனால் 15 நாளில் சுத்தமாகக் காலி. கிராம் கணக்கில் எடை குறைத்த வண்டியை மாதக்கணக்கில் கராஜில் நிறுத்தினால் அதற்கு இப்படித்தான் வட்டி கட்டவேண்டும். லித்தியம் மோடு உள்ள சார்ஜரை மட்டும் போடுங்கள். ஈய பேட்டரியைத் ‘தட்டி எழுப்பும்’ உயர் வோல்ட் மோடு உள்ள சார்ஜர் அதன் பக்கமே போகக்கூடாது.

கேள்வி (ஸ்டுட்கார்ட்): 997 காரெரா. சுத்தமாக இறங்கிவிட்டது. பேட்டரி முன் டிக்கியில், டிக்கி திறப்பது மின்சாரத்தில். திறக்க மின்சாரம் வேண்டும், மின்சாரம் தர திறக்கவேண்டும். என்னதான் செய்வது?

பதில்: இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கதவைச் சாவியால் திறங்கள். டிரைவர் கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் ஃபியூஸ் பெட்டி இருக்கிறது. அதில் சிவப்பாக ஒரு டெர்மினல் வெளியே இழுக்க வரும். வெளி பேட்டரியின் ப்ளஸ்ஸை அதிலும், மைனஸை கதவு மாட்டும் இரும்புக் கொக்கியிலும் கொடுத்து, டிக்கி பட்டனை அழுத்துங்கள். அலாரம் கத்தும், பதறவேண்டாம், சாவியில் அணைத்துவிடலாம். இந்த டெர்மினல் டிக்கி திறக்க மட்டும். அது வழியாகச் செல்ஃப் அடிக்காதீர்கள், உருகிவிடும்.

கேள்வி (மியூனிக், மறுபடி): அண்ணா, அளந்துவிட்டேன். காலையில் 12.5. இன்ஜின் ஓடும்போது 14.3. தூங்கும்போது 400 மில்லிஆம்பியர். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் இறங்கவில்லை.

பதில்: பார்த்தீர்களா, ஆல்டர்னேட்டர் பணம் தப்பித்தது. 400 மில்லிஆம்பியர் என்றால் நாளைக்கு 9.6 ஆம்பியர்-அவர், ஐந்து நாளில் 48. எண்பதில் பாதிக்கு மேல் போகிறது, எச்சரிக்கை சரியாகத்தான் கத்துகிறது. இப்போது ஃபியூஸைப் பிடுங்காதீர்கள். பிடுங்கிச் செருகினால் தூங்கிய மாட்யூல் எழுந்துகொள்ளும், ரீடிங் கெடும். ஒவ்வொரு ஃபியூஸ் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துத் தொடுங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸில் சுழியம். 10 ஆம்பியர் சின்ன ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் வந்தாலே 100 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடுகிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி. கதவை மூடியதும் இரண்டு பக்கமும் கண்ணாடி அந்தக் கடைசி ஒரு சென்டிமீட்டர் ஏறி ரப்பருக்குள் போகிறதா?

கேள்வி (மியூனிக்): டிரைவர் பக்கம் ஏறுகிறது. அந்தப் பக்கம் சில நேரம் ஏறுவதில்லை. ரப்பர் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். ஓட்டும்போது காற்றுச் சத்தமும் வரும்.

பதில்: கிடைத்துவிட்டது. கதவுப் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. பத்து வருடம் தாண்டிய பூட்டில் எந்த வண்டியிலும் நடக்கும். கதவு மூடியது வண்டிக்குத் தெரியவில்லை, அதனால் யாரோ இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்று விழித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்விட்ச் தனியாகக் கிடைத்தால் அது, இல்லையென்றால் பூட்டு முழுசாக மாற்றவேண்டும். மாற்றியதும் மறுபடி அளந்து 50-க்குள் வருகிறதா பாருங்கள். பேட்டரியை மெயின்டெய்னரில் ஒரு நாள் முழுக்கப் போடுங்கள், ஒரு மாதமாகப் பாதி வயிற்றில் இருந்திருக்கிறது.

அப்புறம், முன் டிக்கியை மூடும் முன் அந்த லாட்சை சாவியால் திறந்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் மூடி வைத்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? மறந்து மேலிருந்து அழுத்தினால் அடுத்த கேள்வி டிக்கி வளைந்ததைப் பற்றி வரும்.