தைராய்டு மாத்திரை தொடங்கியபின் ஏறும் சர்க்கரை

வணக்கம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் தங்கள் தாயாருக்குத் தைராக்சின் மாத்திரை தொடங்கியதிலிருந்து சர்க்கரை ஏறுவதால், அந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாங்களாக நிறுத்த வேண்டாம். தைராய்டு சுரப்பு குறைந்திருக்கும்போது உடலில் இன்சுலின் மெதுவாகவே கழிவதாலும், குடல் குளுக்கோசை உறிஞ்சும் வேகம் தணிவதாலும், முன்பு குறைந்த அளவு இன்சுலினே போதுமானதாக இருந்திருக்கலாம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் இன்சுலின் தேவை கூடுவது அறிந்த ஒன்றுதான். வீட்டில் எடுத்த சர்க்கரை அளவுகளை எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினால், இன்சுலின் அளவை அவர் திருத்துவார். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இரத்தப் பரிசோதனையை மாத்திரை தொடங்கி 6 முதல் 8 வாரங்கள் கழித்துச் செய்வதே பயன் தரும். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்து, காப்பியை அரை மணி நேரமாவது தள்ளிவையுங்கள் (நம் வீடுகளில் இதுதான் கடினம்). கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். நெஞ்சுப் படபடப்பு இருந்தால் மட்டும் அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.