ஒபாமாகேர்: ஓட்டில் முடியாதது ஒதுக்கீட்டில் நடந்தது

அன்புள்ள சார்,

அமெரிக்க மருத்துவக் காப்பீடு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். 2010 இடைக்காலத் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. ஒபாமாகேரை, அதாவது அந்த ஆண்டு ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை, ரத்து செய்வோம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்தும் ரத்து செய்யவில்லை. 2014 தேர்தலில் செனட்டும் கைக்கு வந்தது, அப்போதும் நடக்கவில்லை. 2017-ல் ஜனாதிபதியும் அவர்கள் ஆள்தான். அப்படியானால் இதெல்லாம் வெறும் மேடைப்பேச்சா? மக்கள் தீர்ப்புக்கு அங்கே என்னதான் மதிப்பு?

கே. எஸ்., கோவை

அன்புள்ள கே. எஸ்.,

பாதி மேடைப்பேச்சுதான். மீதிப் பாதியில் அந்தச் சட்டத்துக்கு உண்மையான சேதம் நடந்தது. ஆனால் அது நடந்த இடம் ரத்து மசோதா அல்ல, நிதி ஒதுக்கீட்டு மசோதாவின் உள்ளே கிடந்த ஒரு பத்தி. தலைப்புச் செய்தியாக வராததால் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை.

முதலில் ஓட்டுக் கணக்கை முடித்துவிடலாம். நம் ஊரில் மக்களவையில் பெரும்பான்மை போனால் ஆட்சியே போய்விடும். அங்கே இடைக்காலத் தேர்தலில் எவ்வளவு அடி வாங்கினாலும் ஜனாதிபதி அவர் நாற்காலியில்தான் இருப்பார். 2011 ஜனவரி 19 அன்று பிரதிநிதிகள் சபை ரத்து மசோதாவை 245-189 என்று நிறைவேற்றியது. இரண்டு வாரம் கழித்து செனட்டில் அதே விஷயம் 47-51 என்று தோற்றது. அங்கே தப்பியிருந்தாலும் ஒபாமாவின் வீட்டோ காத்திருந்தது. அதை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எல்லோரும் ஓட்டுப் போட்டால் 290-ம் 67-ம். புதிய சபாநாயகர் ஜான் பெய்னருக்கு இந்த எண்கள் தெரியாதா என்ன? தெரிந்தேதான் ஓட்டெடுப்பு நடத்தினார். 2014 வெற்றிக்குப் பிறகு ஒரு ரத்து மசோதா ஒபாமாவின் மேசை வரைக்கும் போனது. 2016 ஜனவரியில் வீட்டோவாகித் திரும்பியது.

ரத்து செய்தால் அரசுக்குப் பணம் மிச்சம் என்ற பிரச்சாரத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காங்கிரஸின் சொந்த பட்ஜெட் அலுவலகம் 2011 ஜனவரியில் போட்ட முதல் கணக்கு, ரத்தானால் 2012-2021 காலத்தில் பற்றாக்குறை சுமார் 23,000 கோடி டாலர் கூடும் என்றது. சட்டத்தில் மக்கள் பிரீமியம் கட்ட அரசு தரும் மானியச் செலவு மட்டும் இல்லை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் கொடுப்பனவுகளில் வெட்டும் புதிய வரிகளும் இருந்தன. ரத்து என்றால் அவையும் சேர்ந்து போகும்.

எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. வரவுகள் பல முன்பே தொடங்கின, மானியமோ 2014-ல்தான். முதல் பத்தாண்டுக் கணக்கில் வந்தது ஆறு ஆண்டுச் செலவு மட்டுமே. காகிதத்தில் தொகையைச் சிறிதாகக் காட்ட உதவிய இந்த ஏற்பாடு ஜனநாயகக் கட்சிக்கே வினையானது. 2010 நவம்பரில் ஓட்டுப் போட்டவர் கையில் என்ன இருந்தது? பிள்ளைகளை 26 வயது வரை பெற்றோர் பாலிசியில் வைத்துக்கொள்ளலாம் என்ற விதி செப்டம்பர் 23-க்குப் பிறகு புதுப்பிக்கும் பாலிசிகளுக்குத்தான். மருந்துச் செலவு மெடிகேர் வரம்பைத் தாண்டிய முதியோருக்கு 250 டாலர் காசோலை. பெரிய பலன் எதுவும் வந்து சேரவில்லை. பயம் மட்டும் முழுதாக வந்து சேர்ந்திருந்தது.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு சட்டத்தில் உண்மையிலேயே ரத்தான ஒன்று 1099 விதி. ஒரு சின்ன வியாபாரி ஒரே சப்ளையரிடம் வருடத்தில் 600 டாலருக்கு மேல் சரக்கு வாங்கினால், அந்த சப்ளையர் பெரிய நிறுவனமாகவே இருந்தாலும், 1099 என்ற படிவத்தை நிரப்பி அவருக்கும் வரித்துறைக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. பெட்ரோல் போடும் பங்க்குக்கும் காகிதம் வாங்கும் கடைக்கும் படிவம்! இரண்டு கட்சிகளும் சேர்ந்தே இதைத் தூக்கிப் போட்டன. 2011 ஏப்ரல் 14 அன்று ஒபாமாவே கையெழுத்திட்டார்.

அடுத்து பணம். ஆண்டுதோறும் காங்கிரஸ் புதிதாக ஒதுக்க வேண்டிய பணம் ஒரு வகை. சட்டத்திலேயே நிரந்தரமாக எழுதப்பட்டு, யாரும் புதுப்பிக்காமலே ஓடும் பணம் இன்னொரு வகை. பிரீமியம் மானியம் வரிச் சட்டத்தின் வழியாக வருவதால் இரண்டாம் வகை. 2013 அக்டோபரில் ஒபாமாகேருக்கு நிதியை நிறுத்தச் சொல்லி 16 நாள் அரசாங்கத்தையே முடக்கினார்களே, அதே அக்டோபர் 1 அன்றுதான் தனிநபர்கள் பாலிசி வாங்கும் காப்பீட்டுச் சந்தை திறந்தது. முடக்கத்தால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தையின் வலைத்தளம் படுத்தது தனிக் கதை. அது ஒபாமா நிர்வாகம் தானே தேடிக்கொண்டது.

சட்டத்தில் நிதி எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று எழுதாமல் விட்ட இடம் ஒன்று இருந்தது. பெயர் ரிஸ்க் காரிடார். 2014-ல் முதன்முறையாக நோயாளிகளையும் மறுக்காமல் சேர்க்க வேண்டும். யார் வருவார்கள், எவ்வளவு செலவு வைப்பார்கள் என்று எந்தக் கம்பெனிக்கும் தெரியாது. பயந்து பிரீமியத்தை ஏற்றிவிடக் கூடாதே என்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு பங்கீடு வைத்தார்கள். நிர்வாகச் செலவும் அனுமதித்த லாபமும் கழித்து பிரீமியத்தில் மிஞ்சுவது இலக்குத் தொகை. மருத்துவச் செலவு அதில் 97-லிருந்து 103 சதவீதத்துக்குள் இருந்தால் கொடுக்கல் வாங்கல் இல்லை. 103-ஐத் தாண்டினால் 108 வரையிலான கூடுதலில் பாதியை அரசு தரும். 108-க்கு மேல் போனால் இலக்கில் 2.5 சதவீதமும், 108-ஐத் தாண்டியதில் 80 சதவீதமும் தரும். லாபம் பார்த்தவர்கள் இதே விகிதத்தில் அரசுக்குக் கட்ட வேண்டும்.

இலக்கு 10 கோடி டாலர், செலவு 11.2 கோடி என்று வையுங்கள். அரசு தர வேண்டியது 25 லட்சமும், 40 லட்சத்தில் 80 சதவீதமான 32 லட்சமும். ஆக 57 லட்சம்.

2014 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி செனட்டைப் பிடித்தது. புதியவர்கள் பதவியேற்கும் முன்பே, டிசம்பரில் நிறைவேறிய பெரிய ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு பத்தி ஏறியது: மெடிகேர் நிர்வாக நிதியை ரிஸ்க் காரிடாருக்குத் திருப்பக் கூடாது. செனட் இன்னும் ஜனநாயகக் கட்சி கையில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டவரும் ஒபாமா. அரசாங்கம் முடங்காமல் இருக்க அவர்கள் கொடுத்த விலை அது.

இனி லாபக்காரர்கள் கட்டிய பணத்தை வைத்துத்தான் நஷ்டக்காரர்களுக்குத் தர முடியும். 2014-க்கு வசூலானது 36.2 கோடி டாலர், கேட்கப்பட்டது 287 கோடி. டாலருக்கு 12.6 சென்ட். மேலே சொன்ன கம்பெனிக்கு 57 லட்சத்துக்குப் பதில் 7 லட்சத்து 18 ஆயிரம்தான் வரும்.

இவ்வளவு நஷ்டம் வந்ததில் ஒபாமாவின் பங்கும் உண்டு. 'உங்கள் பாலிசி பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்' என்று சொல்லிவிட்டு, 2013-ல் பழைய பாலிசிகள் ரத்தானபோது எழுந்த கூச்சலில், அவற்றை நீட்டிக்க நவம்பரில் அனுமதித்தார். நல்ல உடல்நிலையில் இருந்தவர்களில் பலர் பழையதிலேயே தங்கிவிட்டார்கள். கம்பெனிகளோ அவர்களும் வருவார்கள் என்ற கணக்கில் புதிய பிரீமியத்தை முன்பே நிர்ணயித்திருந்தன.

பெரிய கம்பெனிகள் தாங்கின. அரசுக் கடனில் தொடங்கிய 23 கூட்டுறவுக் காப்பீட்டு அமைப்புகளுக்குக் கையிருப்பு குறைவு. வரவேண்டிய தொகையை நம்பியிருந்தவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 2016 முடிவதற்குள் பாதிக்கு மேல் மூடப்பட்டன. அரசு பாக்கியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8-1 என்று தீர்ப்புச் சொன்னது 2020 ஏப்ரலில். மூன்று ஆண்டு பாக்கி மொத்தம் 1,200 கோடி டாலருக்கு மேல்.

2017-ல் ஏன் முடியவில்லை என்பதற்கு வருகிறேன். செனட்டில் எதிர்க்கட்சி விவாதத்தை நீட்டி மசோதாவை மறிக்கும் தடையைத் தாண்ட 60 ஓட்டு வேண்டும். வரவு செலவு சம்பந்தப்பட்டதை மட்டும் தனி நடைமுறையில் 51 ஓட்டில் முடிக்கலாம். ஆகவே பாலிசி எடுக்காதவருக்கான அபராதத்தை எடுக்கலாம், மானியத்தை வெட்டலாம். நோய் இருப்பவரை மறுக்கக் கூடாது என்ற விதியில் கை வைப்பது கஷ்டம். அந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் மாநிலம் இருந்தது. 1993 முதல் அங்கே யாரையும் மறுக்கக் கூடாது, ஆனால் எல்லோரும் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உடம்புக்கு முடியாதபோது சேர்ந்தால் போதும் என்று ஆரோக்கியமானவர்கள் விலக, தனிநபர் பிரீமியம் நாட்டிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்றாகிவிட்டது. இதற்கு மாற்று ஒன்றைக் குடியரசுக் கட்சி ஏழு ஆண்டில் எழுதி வைக்கவில்லை. 2017 ஜூலை 28 விடிகாலை அதே கட்சியின் செனட்டர்கள் மெக்கெய்ன், காலின்ஸ், முர்கௌஸ்கி மூவரும் எதிர்த்து ஓட்டுப் போட, கடைசி மசோதா 49-51 என்று விழுந்தது.

அந்த டிசம்பரில் வரிச் சட்டம் மூலம் 2019 முதல் அபராதத்தைப் பூஜ்யமாக்கினார்கள். சந்தை சரியும் என்றார்கள் ஜனநாயகக் கட்சியினர். சரியவில்லை. மானியம் வருமானத்தோடு கட்டப்பட்டிருந்ததுதான் காரணம் என்பது என் கணிப்பு. 2014 விதிப்படி, வறுமைக்கோட்டைப் போல் இரு மடங்கு, அதாவது வருடம் 22,980 டாலர் சம்பாதிக்கும் தனிநபர், அளவுகோலாக வைத்த திட்டத்துக்குத் தன் வருமானத்தில் 6.3 சதவீதம் கட்டினால் போதும். மாதம் சுமார் 121 டாலர். பிரீமியம் 300 ஆனாலும் 400 ஆனாலும் அவருக்கு 121-தான். மீதியை அரசு கட்டும். அவர் ஏன் விலகப் போகிறார்?

விலை ஏற்றம் முழுதாக விழுந்தது வறுமைக்கோட்டைப் போல் நான்கு மடங்குக்கு மேல் சம்பாதித்த, சொந்தமாகப் பாலிசி எடுக்கும் சுயதொழில்காரர்கள் தலையில். 2019-ல் அந்த வரம்பு தனிநபருக்கு 48,560 டாலர். அதற்கு மேல் ஒரு டாலர் போனாலும் மானியம் இல்லை. அந்த வரம்பை 2021-ல் தற்காலிகமாக எடுத்தார்கள். அதனால் வந்த சண்டைக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.